ஏரியின் இரண்டாவது படம்

மார்ச் 4

மதிப்பிற்குரிய ஆய்வாளர் அவர்களுக்கு,

'அண்ணிக்கு'ன்னுதான் முதல்ல எழுதினேன். அந்தக் காகிதத்தைக் கிழிச்சுப் போட்டுட்டேன். போன்ல பேசித் தொலையேன்னு அண்ணன் சொல்றான். பேசினா நான் கத்திடுவேன். கத்தினா அவன் குறுக்க புகுந்து சமாதானம் பண்ணுவான். எனக்கு இப்போ சமாதானம் வேண்டாம், பதில் வேணும். அதனால எழுதறேன்.

நேத்து காலையில நீச்சல் வகுப்புக்குப் போனா, ஏரிக்கு இறங்கற படியில குறுக்கால சங்கிலி. பக்கத்துல ஒரு பலகை: 'தண்ணீரில் டீசல் வகை எண்ணெய். நீந்தத் தடை.' என் மாணவிகள் எல்லாரும் துண்டைத் தோள்ல போட்டுக்கிட்டு மரம் மாதிரி நிக்கறாங்க. உங்களுக்குத்தான் தெரியுமே, எல்லாரும் அம்பதைத் தாண்டினவங்க. முகத்தைத் தண்ணியில வைக்கவே மாசக்கணக்கா பயந்தவங்க. தபால்காரம்மா இப்பத்தான் என் கையை விட்டுட்டுத் தனியா நீந்த ஆரம்பிச்சிருக்காங்க. செப்டம்பர்ல எல்லாரும் சேர்ந்து இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குக் கடக்கறதா பேச்சு.

பலகைக்குக் கீழ அறிக்கையோட நகல் ஒட்டியிருந்துச்சு. தபால்காரம்மாதான் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு சத்தமா வாசிச்சாங்க. கையெழுத்து வந்ததும் நிறுத்திட்டு என்னைப் பார்த்தாங்க. "ஏம்மா, இது உங்க அண்ணி கையெழுத்துதானே?"

ஏரியில டீசல்னு சொன்னா ஊர் யாரைத் திரும்பிப் பார்க்கும்? கரையில படகுப் பட்டறை வெச்சிருக்கிறது ஒரே ஆள். அவர் என் புருஷன். நகராட்சியிலிருந்து ஆள் வந்து, பட்டறையை மூடறதா வேண்டாமான்னு மே மாசக் கூட்டத்துல முடிவாகும்னு சொல்லிட்டுப் போயிட்டார்.

நாத்தனாரைப் பழிவாங்க எவ்வளவோ வழி இருக்கு. ஏரியையா மூடணும்?

இப்படிக்கு,
உங்கள் கணவரின் தங்கை


மார்ச் 11

அன்புள்ள வாத்துக்கு,

நீ என்னை என்ன சொல்லி அழைத்தாலும் எனக்கு நீ வாத்துதான். நடக்கக் கற்பதற்கு முன்னால் நீந்தக் கற்றவளுக்கு உங்கள் வீட்டில் வைத்த பேரை நான் ஒருத்தி மாற்ற முடியாது.

எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வரும் பாட்டில்களில் ஊர்ப் பேர் இருக்காது. எண் மட்டும்தான் இருக்கும். இப்படிப்பட்ட கடிதங்கள் வரக்கூடாது என்பதற்காகவே அந்த ஏற்பாடு. அது உன் ஏரி என்று உன் கடிதத்தைப் பிரித்த பிறகுதான் எனக்குத் தெரியும்.

நடந்ததைச் சொல்கிறேன். ஜி.சி. என்று நாங்கள் சொல்லும் கருவி, பார்க்க ஒரு அடுப்பு மாதிரி இருக்கும். உள்ளே தலைமுடி கனத்தில் ஒரு நீளமான குழாய் சுருட்டி வைத்திருக்கும். தண்ணீரிலிருந்து பிரித்தெடுத்த அழுக்கை ஆவியாக்கி அதற்குள் அனுப்புவோம். சூடு ஏற ஏற, லேசானது முதலில், கனமானது பிறகு என்று ஒவ்வொன்றாக மறுமுனையில் வெளியே வரும். ஒவ்வொன்று வரும்போதும் திரையில் ஒரு ஊசி எழும்பும். எந்த ஊசி எப்போது எழும்பியது என்று பார்த்து அது யார் என்று சொல்வோம்.

உன் ஏரியில் ஊசி வரவில்லை. மேடு வந்தது. யானை முதுகு மாதிரி ஒரே மேடு. ஏகப்பட்ட பொருள்கள் முண்டியடித்துக்கொண்டு ஒன்றாக வந்தால் அப்படித்தான் தெரியும். டீசல் வருகிற இடத்தில் மேடு வந்தால், 'டீசல் வகை எண்ணெய்' என்று எழுத வேண்டும். அது விதி. நான் விதிப்படி எழுதினேன். நாளைக்கு அதே பாட்டில் வந்தாலும் அதையேதான் எழுதுவேன். வருத்தப்படுகிறேன், ஆனால் மாற்றி எழுத முடியாது.

உன் அண்ணன் பாடுதான் மத்தளத்தின் பாடு. அந்தப் பக்கமும் இடி, இந்தப் பக்கமும் இடி. நேற்று சாப்பாட்டில் நான் உப்பே போடவில்லை. தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "நல்லா இருந்துச்சு" என்றார்.

அன்புடன்,
அண்ணி


மார்ச் 17

அண்ணிக்கு,

சரி, நீங்க வேணும்னு செய்யலை. ஒத்துக்கறேன். ஆனா கோபம் போகலை.

பட்டறைக்கு ஒரு படகுகூட வர்றதில்லை. ஹோட்டல்காரர் பாதி ரிப்பேர் பண்ணின தன் படகு மோட்டாரை அப்படியே கழட்டி எடுத்துட்டுப் போயிட்டார். போகும்போது, "எனக்கு ஒண்ணுமில்லை, ஊர் பேசுது பாருங்க"ன்னார். ஊர்னா வேற யாரு, அவரேதான்.

இவர் இருக்காரே, இவரை நினைச்சாத்தான் எனக்கு இன்னும் பத்திக்கிட்டு வருது. ஒரு வார்த்தை உங்களைத் திட்டலை. "உங்க அண்ணி தப்பா எழுதமாட்டாங்க. என் கையில வழிஞ்சது நாலு சொட்டு தண்ணிக்குப் போயிருக்கும்"னு சொல்லிட்டு, காலியா கிடக்கிற பட்டறையைத் துடைச்சுக்கிட்டு இருக்கார். துடைச்ச இடத்தையே திரும்பத் துடைக்கிறார்.

வகுப்பை நான் விடலை. பள்ளிக்கூடக் கூடத்தைக் கேட்டு வாங்கியிருக்கேன். எல்லாரும் பெஞ்சு மேல குப்புறப் படுத்துக்கிட்டுக் காத்துல நீந்தறாங்க. வாசல்ல நின்னு பார்க்கிறவங்க சிரிக்கிறாங்க. நாங்களும் சிரிக்கிறோம், வேற என்ன பண்றது?

எனக்கு உங்க கருவி புரியாது. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். ஒரு போர்வை மேடா இருக்கு. உள்ள நிறைய பேர் படுத்திருக்காங்கன்னு தெரியுது. போர்வையை விலக்கிப் பார்க்காமலே, "உள்ள இருக்கிறது படகுக்காரர்தான்"னு சொல்லிட்டீங்களே. அது எப்படி?

நாத்தனார்


மார்ச் 29

அன்புள்ள வாத்துக்கு,

உன் போர்வையைப் பையில் வைத்துக்கொண்டே வேலைக்குப் போய்வந்தேன். உண்மையைச் சொன்னால், நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்த மேடு எனக்குப் பிடிக்காது. விலக்கிப் பார்க்க வழி இல்லாததால் அதற்குப் பேர் வைத்துப் பழகிவிட்டோம்.

இப்போது வழி இருக்கிறது. எங்கள் கூடத்தில் ஒரு புதிய கருவி, பெட்டி பிரித்தும் பிரிக்காமலும் மூலையில் நிற்கிறது. இருபரிமாண வாயு குரோமட்டோகிராஃபி என்பது அதன் முழுப் பேர். வாய் வலிப்பதால் இரட்டை ஜி.சி. என்கிறோம். அதில் குழாய் ஒன்றல்ல, இரண்டு. முதலாவது நீளமானது, நான் முன்பே சொன்னது. அது முடிகிற இடத்தில் ஒரு சின்ன வாசல். வருகிறதைச் சட்டென்று குளிரில் பிடித்து நிறுத்தி, சூட்டில் உதறி, சிறுசிறு கூட்டமாக இரண்டாவது குழாய்க்குள் தள்ளிவிடும். இரண்டாவது குழாய் குட்டையானது. அதன் குணமே வேறு. அதற்குள் யார் எவ்வளவு ஒட்டுவார்கள் என்பதுதான் கேள்வி.

இப்படி நினைத்துக்கொள். பேருந்திலிருந்து ஒரே நிறுத்தத்தில் ஒரு கூட்டம் இறங்குகிறது. இறங்கும்போது யார் யார் என்று பிரிக்க முடியாது. அந்தக் கூட்டத்தைக் கடைத்தெரு வழியாக நடக்கவிடு. நீ விறுவிறுவென்று முதல் ஆளாக மறுமுனைக்கு வந்துவிடுவாய். உன் அண்ணன் கண்டவர்களிடமெல்லாம் ஒட்டிக்கொண்டு, குசலம் விசாரித்து, கடைசியில் வருவார். இறங்கிய நேரம் ஒன்றுதான், ஆனாலும் இப்போது நீங்கள் இருவரும் வேறு வேறு ஆள். இரண்டு நேரத்தையும் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டால் கோடு வராது, படம் வரும்.

துறைத் தலைவரிடம் போய், "இந்த ஏரி என் நாத்தனார் ஊர் ஏரி. சந்தேகத்துக்கு உள்ளானவர் அவள் கணவர். இந்த மேட்டைப் புதிய கருவியில் பார்க்க வேண்டும்" என்றேன். அவர் மேலும் கீழும் பார்த்தார். "பார்க்கலாம். ஆனா நீங்க தொடக்கூடாது" என்றார். நியாயம்தான். எனக்கு எதிர்மேசையில் உட்காரும் அக்கா செய்வார். எங்கள் கூடத்தில் அவரைவிடக் கறாரான ஆள் கிடையாது. சொந்தத் தம்பி கல்யாணப் படத்திலேயே குறை கண்டுபிடித்தவர்.

புதிதாகத் தண்ணீர் எடுக்க எங்கள் ஆள் வருவார். கண்ணாடி பாட்டில்கள் அவரிடம் இருக்கும், நீ பாட்டிலைத் தொடாதே. தண்ணீர் வந்து சேரும் இடங்களை மட்டும் காட்டு.

ஒன்று சொல்லிவிடுகிறேன். போர்வையை விலக்கும்போது உள்ளே உன் வீட்டுக்காரரே இருக்கலாம். இருந்தால், அக்கா அப்படித்தான் எழுதுவார். இப்போதே வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடு.

அண்ணி


ஏப்ரல் 12

அண்ணி,

வேணும்னுதான் அண்ணன்கிட்ட போன்ல சொன்னேன். சொல்றதுக்கு முன்னாடி ஒருநாள் முழுக்க யோசிச்சேன்.

இவர்கிட்ட கேட்டேன். "ஏங்க, ஒருவேளை நம்மளோடதா இருந்தா?"

"இருந்தா கழுவணும்."

"பட்டறை போயிடுமேங்க."

"ஏரி போனா பட்டறை எதுக்கு?"

உடனே போனை எடுத்துட்டேன்.

உங்க ஆள் வந்தார். நல்ல மனுஷன், ஆனா தண்ணின்னா அப்படியொரு பயம்! ஏரியில தண்ணி எடுக்கிற வேலையில இருக்கிறவருக்கு! படகுல ஏறும்போதே ரெண்டு பக்கமும் பிடிச்சுக்கிட்டார். "எத்தனை வருஷமா இந்த வேலை?"ன்னு கேட்டேன். "அதை ஏன் கேக்கறீங்க, எல்லா ஏரியிலயும் கண்ணை மூடிக்கிட்டுத்தான் எடுக்கறேன்"னார். ஓடை வந்து விழற இடத்தைக் காட்டினேன். படிக்குப் பக்கத்துல, பட்டறைக்கு முன்னால, நடு ஏரியில எல்லாம் எடுத்தார். கடைசி பாட்டிலை மூடிப் பெட்டியில வெச்சுட்டு, "முடிஞ்சுது!"ன்னு சந்தோஷமா எழுந்து நின்னார். அவ்வளவுதான். தொபுக்கடீர்!

தடை போட்ட ஏரியில முதல்ல இறங்கினது உங்க ஆய்வுக்கூடம்தான், அதைக் குறிச்சு வெச்சுக்கோங்க. சட்டையைப் பிடிச்சுப் படகுக்குள்ள தூக்கிப் போட்டேன். பாட்டிலுக்கு ஒண்ணும் ஆகலை. கரைக்கு வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "உங்க வகுப்புல ஆம்பளைங்களைச் சேர்த்துக்குவீங்களா?" போன சனிக்கிழமையே பஸ் பிடிச்சு வந்து பெஞ்சுல படுத்துட்டார்.

அவர் கிளம்பும்போது இவர் பட்டறைக்குள்ள போய், தான் ஊத்தற டீசலை அவர் நீட்டின பாட்டில்ல ஊத்திக் கொடுத்தார். "இதையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. என் டீசல் எப்படி இருக்கும்னு தெரிஞ்சாத்தானே அது ஏரியில இருக்கா இல்லையான்னு தெரியும்?"

தைரியமா கொடுத்துட்டார். நான்தான் காலண்டர்ல நாளை எண்ணிக்கிட்டு இருக்கேன். கூட்டம் மே எட்டாம் தேதி.

வாத்து


மே 2

வாத்து,

உட்கார்ந்து படி. இல்லை, நின்றுகொண்டே படி, எப்படியும் குதிக்கத்தான் போகிறாய்.

கருவி ஓடுகிற அறைக்குள் எனக்கு அனுமதி இல்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே, பிரசவ அறை வாசலில் நிற்கும் அப்பன் மாதிரி குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். அக்கா ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லாவற்றையும் சரிபார்த்து, கையெழுத்துப் போட்டு, தலைவரிடம் கொடுத்துவிட்டு வந்துதான் கதவைத் திறந்தார். "வாடி, வந்து பாரு உன் நாத்தனார் ஏரியை!"

கருநீலத் திரை. அதில் மஞ்சளும் சிவப்புமாகப் பொட்டுப் பொட்டாக வெளிச்சம். நான் பல வருடமாக மேடு என்று எழுதிவந்தது அதுதான். உள்ளே இத்தனை பேரா! எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அக்கா பார்க்காத மாதிரி இருந்தார்.

முதலில் உன் வீட்டுக்காரரின் டீசல். அதைத் தனியாக ஓட்டினால் கூரை ஓடு வேய்ந்த மாதிரி சாய்வு சாய்வாக, நெருக்கமாக வரிசை கட்டுகிறது. அந்த ஓட்டு வரிசை ஏரியில் இருக்கிறதா என்று தேடினால், இருக்கிறது. இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் மங்கலாக, கண்ணை இடுக்கிப் பார்த்தால் தெரிகிற அளவுக்கு. மோட்டார் படகு ஓடுகிற ஏரியில் அது இருக்கத்தான் செய்யும். அதற்காக யாரும் பலகை வைக்கமாட்டார்கள். பட்டறைக்கு முன்னால் எடுத்த பாட்டிலிலும் அவ்வளவுதான்.

மேட்டின் பெரும்பகுதி என்ன தெரியுமா? இலை! இலைகளின் மேல் பளபளவென்று இருக்குமே, அந்த மெழுகு. கீழ்வரிசையில் ஒன்று விட்டு ஒன்று பெரிதாக நிற்கிற பொட்டுகள் அதைக் காட்டிக் கொடுக்கின்றன. டீசலில் அப்படி வராது. கூடவே மரப்பிசினும். ஓடை வாயில் யாராவது இலைக் குப்பையைக் கொட்டி மக்கவிடுகிறார்களா, பார். பழைய கருவிக்கு மெழுகும் டீசலும் ஒரே நேரத்தில் வந்ததால் ஒரே ஆளாகத் தெரிந்திருக்கிறது.

ஆக, படகுக்காரர் போர்வைக்குள் இல்லை. இப்போது குதித்துக்கொள்.

குதித்தாயிற்றா? இனி கவனமாகப் படி. படத்தின் மேல் மூலையில் தனியாக ஒரு கூட்டம் இருக்கிறது. இரண்டாவது குழாயில் விடாப்பிடியாக ஒட்டிக்கொண்டு கடைசியில் வந்தவை. தார் சம்பந்தப்பட்டவை. அளவு அதிகம் இல்லை, ஆனால் டீசலைவிடப் பொல்லாதவை. பழைய மேட்டின் கீழ் சத்தமில்லாமல் ஒளிந்திருந்தன. படிக்குப் பக்கத்துப் பாட்டிலில்தான் மிக அதிகம். அதனால் தடை இப்போதைக்கு அப்படியே இருக்கும். தப்பான காரணத்துக்காக மூடினோம், ஆனால் மூடியது நல்லதாகப் போயிற்று.

படிக்கு மேலே, மழைத்தண்ணீர் ஓடிவருகிற இடத்தில், கறுப்பாக எதையாவது பூசியிருக்கிறார்களா? அதுவும் சமீபத்தில்? பார்த்துச் சொல்.

அண்ணி


மே 9

அண்ணீ! என் தங்க அண்ணீ!

குதிச்சேன். பட்டறைக்கு ஓடிப்போய் இவர் முன்னாடியும் குதிச்சேன். இவர் கடிதத்தை மெதுவா, ஒவ்வொரு வரியா படிச்சார். 'போர்வைக்குள் இல்லை'ங்கிற இடத்துல நிறுத்தி, திருப்பி அதையே படிச்சார். கையில இருந்த துணியைக் கீழ வெச்சார். அந்தத் துணியை அவர் கீழ வெச்சுப் பார்த்து எத்தனை நாளாச்சு!

அப்புறம் மிச்சத்தைப் படிச்சார். கறுப்பா எதையாவது பூசியிருக்காங்களான்னு நீங்க கேட்ட இடம் வந்துச்சு. என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். ரெண்டு பேரும் ஜன்னல் வழியா படிக்கு மேல இருக்கிற இடத்தைப் பார்த்தோம்.

கார் நிறுத்தற இடம், அண்ணி. போன வருஷம் புதுசா போட்டது. கன்னங்கரேல்னு பளபளன்னு இருக்கும். மழை பெஞ்சா தண்ணி நேரா படிக்குத்தான் இறங்கும். அது வேணும்னு நகராட்சியில நாற்காலியை விட்டு எழுந்திருக்காம சண்டை போட்டது யாரு? மாணவிகள் சேத்துல வழுக்கி விழறாங்கன்னு ஊரைக் கூட்டினது யாரு? ரிப்பனை வெட்டிட்டு, பத்திரிகைப் படத்துல முப்பத்திரண்டு பல்லையும் காட்டினது யாரு?

எல்லாம் இந்த வாத்துதான்!

இவர் முதல்ல வாயைப் பொத்திக்கிட்டார். அப்புறம் முடியலை. கவுத்துப்போட்ட படகு மேல சாஞ்சு விழுந்து விழுந்து சிரிச்சார். எனக்கு வந்த கோபத்துக்கு அவரைத் தண்ணியில தள்ளியிருப்பேன், தடை இருக்கேன்னு விட்டேன். அப்புறம் நானும் சிரிச்சுட்டேன்.

நேத்து கூட்டம். அக்காவோட அறிக்கையும் படமும் வந்திருந்துச்சு. படத்தைப் பெருசு பண்ணிச் சுவர்ல காட்டினாங்க. தாரு கார் நிறுத்தற இடத்துலேருந்து வருதுன்னு இவர் எழுந்து சொன்னதும் நகராட்சித் தலைவரம்மா, "அப்போ டீசல் இல்லை. இந்தக் கறுப்புப் பூச்சு. இதை யார் கேட்டு போட்டோம்?"ன்னாங்க.

கூடமே என்னைத் திரும்பிப் பார்த்துச்சு. எழுந்து நின்னேன். "நான்தாங்க கேட்டேன். ஆனா நான் கேட்டது சேறில்லாத தரை. எதைப் பூசறதுன்னு முடிவு பண்ணினது நீங்க. ஆளுக்குப் பாதின்னு வெச்சுக்கலாமா?"

பின் வரிசையில தபால்காரம்மாதான் முதல்ல கை தட்டினாங்க. தலைவரம்மாவுக்கே சிரிப்பு வந்துடுச்சு. பூச்சைச் சுரண்டி எடுத்துட்டு வெறும் கல் பதிக்கறதா முடிவாச்சு. ஓடை வாயில இலை கொட்டறதும் நகராட்சி வண்டிதான், அதையும் நிறுத்தறாங்க. பட்டறைப் பேச்சை யாருமே எடுக்கலை.

இன்னிக்குக் காலையில ஹோட்டல்காரர் மோட்டாரைத் திரும்பக் கொண்டுவந்து வெச்சார். மன்னிப்பெல்லாம் கேக்கலை. "இது இன்னும் இருமுது, கொஞ்சம் பாருங்க"ன்னார். இவரும் ஒண்ணும் கேக்காம ஸ்பேனரை எடுத்துட்டார். ஆம்பளைங்க சமாதானம் எவ்வளவு சுலபமா முடியுது பாருங்க. நமக்குத்தான் இத்தனை காகிதம்.

உங்க வாத்து


ஆகஸ்ட் 24

அண்ணி,

பலகையைக் கழட்டிட்டாங்க! பூச்செல்லாம் எடுத்து, படிக்கிட்ட படிஞ்ச சேத்தையும் வாரி எடுத்து, திரும்பத் தண்ணி பரிசோதனை பண்ணி, அக்கா கையெழுத்தோட காகிதம் வந்துடுச்சு. நம்ம தண்ணி எடுக்கிறவர்தான் நேர்ல கொண்டுவந்து கொடுத்தார். கொடுத்த கையோட சட்டையைக் கழட்டிட்டு இறங்கிட்டார்.

செப்டம்பர் பதினாலாம் தேதி ஏரியைக் கடக்கறோம். நீங்களும் அண்ணனும் வரணும். அக்காவையும் கூட்டிக்கிட்டு வாங்க, அவங்க குறை சொல்றதைக் கேக்கணும்.

எனக்கு ஒரு சந்தேகம். கல்யாணமாகி இத்தனை வருஷத்துல நீங்க ஒருதடவைகூட எங்க ஏரியில கால் நனைச்சு நான் பார்த்ததில்லையே. ஏன் அண்ணி?

வாத்து


செப்டம்பர் 17

அன்புள்ள வாத்துக்கு,

நேரில் பேசியது போதாது என்று வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன். கெட்ட பழக்கம், நீ பிடித்துவைத்தது.

உன் வீட்டுக்காரரின் படகில் உட்கார்ந்து அந்தத் தலைகள் வரிசையாகத் தண்ணீரில் போவதைப் பார்த்தேன். தபால்காரம்மா கடைசியாக வந்தார். "படகுல ஏறிக்கறீங்களா?" என்று உன் வீட்டுக்காரர் கேட்டபோது, "ஏன், உங்களுக்குத் துணைக்கு ஆள் வேணுமா?" என்று மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டாரே, அதைச் சொல்லிச் சொல்லி அக்கா இன்னும் சிரிக்கிறார். அவர் கண்டுபிடித்த ஒரே குறை, கரையில் கொடுத்த டீ ஆறிப்போயிருந்தது என்பதுதான். உன் அண்ணன் அந்தக் கரையில் நின்று கத்திய கத்தலில் எங்கள் கூடத்து ஊசியே எழும்பியிருக்கும்.

ஏரியில் ஏன் கால் நனைத்ததில்லை என்று நீ கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. எனக்குத் தண்ணீர் என்றால் உள்ளங்கை அளவு பாட்டிலுக்குள் இருக்க வேண்டும், வெளியே எண் எழுதியிருக்க வேண்டும். அதற்கு மேல் இருந்தால் பயம். ஒரு தண்ணீரைக் கையில் எடுத்தால் அதில் என்னவெல்லாம் இருக்கும் என்றுதான் என் புத்தி போகும். உன்னைப் போல அதில் விழுந்து புரள எனக்குத் தெரியாது. அதை உன்னிடம் சொல்ல வெட்கம்.

எல்லோரும் சாப்பிடப் போன பிறகு, "வாங்க அண்ணி, சும்மா நில்லுங்க போதும்" என்று நீ கையைப் பிடித்து இழுத்தபோது, இந்தத் தண்ணீரில் இருக்கிற ஒவ்வொன்றின் பேரும் எனக்குத் தெரியும், பயப்பட இனி என்ன இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டுதான் இறங்கினேன். கழுத்துவரை வந்ததும் ஒரு பேரும் ஞாபகம் வரவில்லை. மல்லாந்து படுக்கச் சொன்னாய். முதுகுக்குக் கீழே உன் கை இருந்தது. காதுக்குள் தண்ணீர் போய் உலகம் அமைதியாகிவிட்டது. வானம் மட்டும் இருந்தது. நீ ஏதோ சொன்னாய், எனக்குக் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தால், நீ தூரத்தில் நின்றுகொண்டு இரண்டு கையையும் மேலே தூக்கிக் காட்டிச் சிரித்துக்கொண்டிருக்கிறாய்.

அதற்குப் பிறகு நான் எவ்வளவு தண்ணீர் குடித்தேன் என்பது வேறு விஷயம். ஆனால் அந்தக் கொஞ்ச நேரம் நான் மிதந்தேன், வாத்து. நான் மிதந்தேன்!

வருகிற சனிக்கிழமை காலைப் பேருந்தில் வருகிறேன். தனியாகத்தான் வருகிறேன். உன் அண்ணனுக்கும் நீச்சல் தெரியாது என்று நேற்றுதான் ஒப்புக்கொண்டார். முதலில் நான் கற்றுக்கொள்கிறேன். அப்புறம் அவரைக் கூட்டிவந்து இரண்டு பேருமாகத் தள்ளிவிடலாம்.

அன்புடன்,
அண்ணி